மாத்திரையை நிறுத்தலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

புளியரைப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. வயசு 26, தினமும் பஸ் ஏறி புனலூருக்குப் போய் ஜவுளிக்கடையில சேல்ஸ் வேலை பாக்கா, கல்யாணமாகி ஒரு வருஷம். ரத்தம் போனத மூலம்னு நெனச்சு மாசக்கணக்கா மூலத்துக்கே மருந்து சாப்ட்டு, கடைசில கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குத டெஸ்ட் பண்ணி, பயாப்சிக்குத் துணுக்குத் தோலு எடுத்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ங்கிற பெருங்குடல் புண்ணு நோய்னு சொல்லிட்டாங்க, இடது பக்கப் பெருங்குடல் வரைக்கும் புண்ணு இருக்கு. ஸ்டீராய்டு கொஞ்ச நாள், கூடவே குடல் புண்ண அடக்குத மெசலமின் மாத்திரை. இப்போ நாலு மாசமா ரத்தம் இல்ல. அத்தை சொல்லுதாங்களாம், அதான் சரியாப் போச்சே இனி எதுக்கு இத்தன மாத்திரை, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் அரிஷ்டம் குடுக்காரு அதக் குடின்னு. அப்புறம் பஸ்ஸுல போகப் பயமா இருக்கு, வேலைய விட்டுரலாமா, என்ன சாப்பிடணும், குழந்தை பெத்துக்கலாமா, இதெல்லாம் கேட்டிருக்கா. நான் பொறந்தது செங்கோட்டை, கொல்லம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோப்பி பிரிவுல நர்ஸா ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த நோய்க்காரங்களத்தான் தெனமும் பாக்கேன். அதனால தெரிஞ்சத எல்லாம் சொல்லுதேன் தங்கச்சி, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல மாத்திரை. நிறுத்தாத. நாலு மாசம் நல்லா இருக்கதே அந்த மாத்திரையினாலதான். இந்த நோயில நம்ம உடம்பு எதிர்ப்புசக்தியே நம்ம குடல் தோல எதிரின்னு நெனச்சு அடிக்குது, ஆசனவாய்க்கிட்ட ஆரம்பிச்சு விடாம மேல மேல ஏறும், புண்ணு குடலோட உள்தோல்ல மட்டும் இருக்கும். ஏன் ஒருத்தருக்கு வருது இன்னொருத்தருக்கு வரலங்கிறதுக்கு ஒத்தக் காரணம் கெடையாது, மரபணு, குடல்ல இருக்க கிருமிக, நாம வாழுத விதம் எல்லாம் சேந்துதான். நீ காரமா சாப்ட்டதால வரல, கவலைப்பட்டதால வரல, இத உங்க அத்தைக்கும் சொல்லு. மருந்து அந்த அடிய அடக்கி வச்சிருக்கு, ஒழிச்சுடல. ரத்தம் நின்னு வயிறு அமைதியான பிறகும் சிலருக்கு உள்ள நீறு பூத்த நெருப்பா இருக்கும், கொலனோஸ்கோப்பில பாக்கும்போது ஆளு நல்லா சிரிச்சுப் பேசிட்டுப் படுப்பாங்க, உள்ள பாத்தா தோலு செவந்து கெடக்கும், கேமரா பட்டாலே ரத்தம் கசியும். 2003ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, நோய் அடங்கியிருக்கவங்கள்ல மெசலமினை ஒழுங்கா சாப்பிடாதவங்களுக்குத் திரும்ப வர்ற ஆபத்து ஒழுங்கா சாப்பிடுதவங்களவிட 5 மடங்குக்கும் மேலன்னு. நான் வார்டுல பாக்கதும் அதுதான், திரும்ப ரத்தத்தோட வந்து படுக்கவங்கள்ட்ட மாத்திரை சாப்ட்டீங்களான்னு கேட்டா பாதிப்பேரு கீழ குனிஞ்சுக்குவாங்க. நல்லா இருந்துச்சு அதான் விட்டுட்டேன்னு சொல்லுவாங்க. நல்லா இருக்கும்போது சாப்பிடுததுதான்மா இந்த நோய்க்கு வைத்தியமே, முடியாம ஆன பிறகு சாப்பிடுதது தீயணைக்கிற வேலை.

ஸ்டீராய்டு மட்டும் வேற கணக்கு. அது சீக்கிரம் அடக்கும், அதனாலயே ஜனங்களுக்கு அது மேல ஆசை, பழைய சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்கி அவங்களாவே போட்டுக்குதாங்க. அது ரொம்ப நாள் சாப்பிடுத மருந்து இல்ல, முகம் வீங்கும், சுகர் ஏறும், எலும்பு தேயும். சாப்பிட ஆரம்பிச்சா டாக்டர் சொன்ன கணக்குல வாரவாரம் கொறைச்சுக்கிட்டே வந்துதான் நிறுத்தணும், படக்குன்னு நிறுத்தக்கூடாது. வருஷத்துல ரெண்டு தடவ ஸ்டீராய்டு தேவைப்படுதுன்னா இப்போ சாப்பிடுத மருந்து போதலன்னு அர்த்தம், அடுத்த மருந்துக்குப் போகணுமான்னு டாக்டர்ட்டக் கேக்கணும். எதிர்ப்புசக்திய அடக்குத அசாதயோபிரின் மாத்திரை இருக்கு, அத ஆரம்பிச்சா முதல் ரெண்டு மூணு மாசம் ரத்த அணுக்கள அடிக்கடி டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும், ஏன்னா நம்ம ஊர்க்காரங்க சிலருக்கு வெள்ளணு சட்டுன்னு எறங்கிரும், கொத்துக்கொத்தா முடி கொட்டுனா அது ஒரு அறிகுறி, உடனே போகணும். இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசி இருக்கு, டோஃபாசிட்டினிப் மாத்திரை இருக்கு. இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி உள்ள ஒளிஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்து டெஸ்ட் பண்ணித்தான் குடுப்பாங்க, நம்ம நாட்டுல அது ரொம்ப முக்கியம். இப்போதைக்கு உனக்கு அதெல்லாம் வேண்டாம், ஆனா மெசலமின் கேக்கலன்னா வழியே இல்லன்னு நெனச்சிடாத, அதுக்குத்தான் சொல்லுதேன்.

அரிஷ்டம் விஷயம். அத்தைட்ட சண்டை போடாத. வயித்துப்போக்குக்கு அந்த மலைப்பக்கம் தலைமுறை தலைமுறையா அரிஷ்டம் குடிச்ச ஜனங்க, அவங்க அக்கறையிலதான் சொல்லுதாங்க. ஆனா சாதாரண சீதபேதி தானாவே நிக்கிற நோய், இது அப்படி இல்ல. அரிஷ்டம்னா புளிக்க வச்சது, அதுல கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். பேர் தெரியாத பொடியிலயும் பஸ்பத்துலயும் பாதரசம், ஈயம் இருந்து கிட்னி கெட்டவங்க உண்டு, கல்லீரல் வீங்கி மஞ்சளாகி வந்தவங்களயும் பாத்திருக்கேன், அப்போ எந்த மருந்தால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே நாள் போயிரும். மஞ்சள்ல இருக்க குர்குமினை மெசலமினோட சேத்துக் குடுத்து நல்ல பலன் வந்த ஆய்வு இருக்குது, அதையும் மறைக்கல, ஆனா அது மெசலமினோட சேத்துத்தான், அதுக்குப் பதிலா இல்ல. எதாவது குடிச்சே ஆகணும்னு வீட்ல நெருக்குனா பாட்டில எடுத்துட்டு டாக்டர்ட்டப் போய்க் காட்டு, குடிக்கலாமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும், அத்தையவும் கூடவே கூட்டிட்டுப் போ. அந்த கொலனோஸ்கோப்பி படத்த டாக்டர் காட்டி இதுதான் புண்ணு, இதுதான் நல்ல தோலுன்னு சொல்லும்போது பெரியவங்க எதிர்த்துப் பேசுனத நான் பாத்ததே இல்ல.

மாத்திரைய முழுசா முழுங்கணும், கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, மேல இருக்க பூச்சு குடலோட கீழ்ப்பக்கம் போய்த்தான் கரையணும்னு செஞ்சது. சில நேரம் மலத்துல மாத்திரக்கூடு மாதிரி கெடக்கும், பயந்துடாத, பெரும்பாலும் மருந்து எறங்கிட்டு வெறும் ஓடுதான் வருது, ஆனா முழு மாத்திரையாவே அடிக்கடி வந்தா டாக்டர்ட்டச் சொல்லு. கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பூச்சு வேற, அதனால வெல கம்மியா ஜன் ஔஷதிங்கிற அரசு மலிவு மருந்துக்கடையில கெடைச்சா வாங்கு, ஆனா மாத்துததுக்கு முன்னாடி அட்டையக் காட்டிக் கேட்டுக்கோ. ரெண்டு வேளை மூணு வேளைன்னு மறந்து போகுதுன்னா மொத்தத்தையும் ஒரே வேளையா சாப்பிடலாமான்னு கேளு, பல பேருக்கு அப்படியே குடுக்காங்க, பலன் கொறையல.

பின்பக்கம் வைக்கிற மருந்த, அதான் ஆசனவாய்க்குள்ள தள்ளுத மாத்திரை இல்லன்னா எனிமா பாட்டில், நீ வெக்கப்பட்டு விட்டுட்டேன்னு எழுதியிருந்த. எல்லாரும் அதத்தான் விடுதாங்க, எனக்கு அதுதான் மனசு கேக்கல, ஏன்னா உன் புண்ணு இருக்கது கீழ்ப்பக்கம், வாய் வழியா போற மருந்தவிட அந்த இடத்துலயே படுத மருந்துக்கு வேகம் அதிகம், ரெண்டும் சேந்தா இன்னும் நல்லது. எப்படின்னு சொல்லுதேன். ராத்திரி படுக்கப் போகும்போது ரெண்டுக்குப் போயிட்டு வந்து, கையக் கழுவி, மருந்து நுனிய தண்ணில நனைச்சுக்கோ. எண்ணெய் வேண்டாம். இடது பக்கமா சரிஞ்சு படுத்து, இடது கால நீட்டி வலது முட்டிய நெஞ்சுப்பக்கம் மடக்கு. மூச்ச மெதுவா விட்டுக்கிட்டே ஒரு விரல் நீளத்துக்கு உள்ள தள்ளு, சும்மா வாசல்ல வச்சா வெளிய வந்துரும். எனிமா பாட்டில்னா கையில கொஞ்ச நேரம் வச்சு சூடு ஏத்திக்கோ, குளுந்து இருந்தா குடல் உடனே வெளிய தள்ளும். அரை மணி நேரம் அப்படியே கெட. முதல் நாலஞ்சு ராத்திரி தாங்காம வெளிய வந்துரலாம், அதுக்காக விட்டுராத, புண்ணு ஆற ஆற தாங்கும். பழைய துணி ஒண்ண விரிச்சுப் படுத்தா விரிப்புல கறை படாது, காலையில நிம்மதியா இருக்கும்.

இப்போ பஸ். புளியரைல இருந்து எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு அந்த மலைப்பாதையில நடுவுல அவசரம் வந்தா என்ன பண்ணன்னு நீ பயப்படுதது நியாயம். இந்த நோயில அவசரங்கிறது அடக்கிக்கிற அவசரம் இல்ல, புண்ணுப்பட்ட மலக்குடலு விரியாது, கொஞ்சம் சேந்தாலே தள்ளும், சில நேரம் ஓடிப்போய் உக்காந்தா வெறும் சளியும் ரத்தமும்தான் வரும். இது தெரியாதவங்க கொஞ்சம் அடக்கிக்கோன்னு சொல்லுவாங்க, அவங்கள விடு. ஒரு தடவ பஸ்ஸுல துணி கெட்டுப்போனா போதும், அதுக்கப்புறம் நோய் அடங்குனாலும் மனசு அடங்காது, வெளிய கெளம்பவே மாட்டாங்க, கல்யாண வீட்டுக்குப் போறதில்ல, பட்டினியா பஸ் ஏறுததுன்னு ஆயிரும். அப்படி ஆகாம இருக்கணும் நீ.

காலையில எந்திரிச்சதும் ஏதாவது சாப்ட்டா குடல் தானா அசையும், அதனால கெளம்புறதுக்கு ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடியே சூடா ஒரு டம்ளர் ஏதாவது குடிச்சு ரெண்டு இட்லி சாப்ட்டுட்டு, ரெண்டுக்குப் போயிட்டு, அப்புறம் பஸ் ஏறு. பட்டினியா போறத விட இது எவ்வளவோ மேல். வழியில எங்க நிறுத்தலாம்னு ஒரு லீவு நாளு பாத்து வச்சுக்கோ, பெட்ரோல் பங்க்ல கழிப்பறை இருந்தா தயங்காமப் போய்க் கேளு. தெனமும் ஒரே பஸ்ஸுல போனா கண்டக்டர்ட்ட ஒரு தடவ சொல்லி வை, எனக்குக் குடல்ல நோய் இருக்கு, கேட்டா கொஞ்சம் நிறுத்துங்கன்னு. அந்த லைன்ல மலையாளத்துல சொன்னாலும் புரியும் தமிழ்ல சொன்னாலும் புரியும். 2018ல அகலப்பாதை முடிஞ்சு செங்கோட்டை புனலூர் ரயில் திரும்ப ஓட ஆரம்பிச்சுருச்சுல்ல, நேரம் ஒத்து வர்ற நாள்ல ரயில்ல போ, கழிப்பறை கூடவே வருதுங்கிற தைரியத்துலயே பாதி பேருக்கு வயிறு அமைதியாயிரும். கார்த்திகை பொறந்து மகரவிளக்கு முடியுத வரைக்கும் அந்த ரோட்டுல சபரிமலை வண்டி நெரிசல், குத்தாலம் சீசன்லயும் நெரிசல், அந்த நாள்ல அரை மணி முன்னாடியே கெளம்பு இல்லன்னா ரயில் பாரு. பையில ஒரு செட் உள்ளாடை, சுடிதார் பேன்ட், ஒரு பெரிய பேட், தண்ணி பாட்டில், சோப்பு, நல்லா மூடுத பிளாஸ்டிக் கவர் ரெண்டு. இத வச்சிருக்கவங்களுக்கு அது பெரும்பாலும் தேவையே படாது, ஆனா வச்சிருக்கணும்.

வேலைய விடாத தங்கச்சி. உன் கையில வர்ற சம்பளம்தான் உன் மாத்திரைக்குத் தைரியம். கடையில மொதலாளிட்ட நோயோட பேரெல்லாம் சொல்லணும்னு இல்ல, குடல்ல நாள்பட்ட நோய், கழிப்பறைக்கு உடனே போக வேண்டி வரும்னு டாக்டர்ட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடு. 2018ல கேரளத்துல கடைச் சட்டத்தத் திருத்தி வேலை பாக்கவங்களுக்கு உக்கார எடம் குடுத்தே ஆகணும்னு வச்சுட்டாங்க, தமிழ்நாட்டுலயும் 2021ல அது வந்துச்சு. அது எப்படி வந்துச்சு தெரியுமா, கோழிக்கோடு மிட்டாய்த்தெருவுல ஜவுளிக்கடைப் பொண்ணுங்க கழிப்பறை இல்லாம நாள் பூரா தண்ணி குடிக்காமக் கெடந்து, விஜிங்கிறவங்க பெண்கூட்டுன்னு ஒரு அமைப்ப வச்சு முதல்ல கழிப்பறைக்குப் போராடி, அப்புறந்தான் உக்காருத உரிமைக்கு வந்தாங்க. அதனால நீ கேக்கது சலுகை இல்ல. ஒண்ணு சொல்லணும், நாளெல்லாம் நின்னு காலு வலிக்குதுன்னு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடாத, டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் இதெல்லாம் அடங்கிக் கெடக்க குடல கெளப்பி விட்டுரும். வலின்னா பாரசிட்டமால். கடைக்காரர்ட்ட எனக்குக் குடல் புண்ணுன்னு சொல்லியே வாங்கு. மூட்டே வீங்கி வலிச்சாலோ, கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் பாக்க முடியலன்னாலோ அதுவும் இந்த நோயோட சேந்ததா இருக்கலாம், கண்ணுன்னா அன்னைக்கே கண் டாக்டர்ட்டப் போகணும்.

சாப்பாட்டுக்குப் பெரிய பட்டியல் தர மாட்டேன், ஏன்னா பட்டியல் வச்சிருக்கவங்கதான் மெலிஞ்சு போறாங்க. இத ஆத்துத சாப்பாடுன்னு ஒண்ணு கெடையாது. நோய் அடங்கியிருக்கும்போது வீட்ல எல்லாரும் சாப்பிடுததயே சாப்பிடு, சொதி, அவியல், மீன் எல்லாம். ரத்தம், வயித்துப்போக்கு இருக்க நாள்ல மட்டும் குழைய வடிச்ச சோறு, இட்லி, இடியாப்பம், தோல் எடுத்த பூசணி, சுரைக்காய், உருளக்கெழங்கு, அவிச்ச முட்டை, காரமில்லாத மீன், அவிச்ச நேந்திரம்பழம். அந்த நாள்ல பனங்கெழங்கு, பலாச்சுளை, வாழைத்தண்டு, முருங்கைக்காய் சக்கை, கேரளத்துக் குத்தரிசி இதெல்லாம் தள்ளி வை, அடங்குன பிறகு ஒவ்வொண்ணா திரும்பக் கொண்டு வா. பால் குடிச்சா உப்புசமா இருந்தா பால மட்டும் நிறுத்து, மோர் பெரும்பாலும் ஒத்துக்கும். பார்டர் பரோட்டா வேணும்னா அடங்கியிருக்க நாள்ல ஒண்ணு சாப்பிடு, யாரும் தடுக்கல. வெளிய பச்சத்தண்ணி, பழைய சட்னிதான் ஆபத்து, ஒரு கிருமி உள்ள போனா அதுவே நோய கெளப்பிரும், கேரளத்துக் கடையில சுக்கும் பதிமுகமும் போட்டுக் காய்ச்சுத தண்ணி குடுப்பாங்கல்ல, அதக் கேட்டு வாங்கிக் குடி. தண்ணியாப் போகுதுன்னா ஓஆர்எஸ், பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் காய்ச்சுன தண்ணிக்கு 6 மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஹீமோகுளோபின் பாத்துக்கோ. நாள் பூரா அசதியா இருக்குன்னு சொன்னியே, அது சோம்பேறித்தனம் இல்ல, ரத்தம் போனதுல இரும்புச்சத்து எறங்கியிருக்கலாம், மாத்திரை ஒத்துக்கலன்னா ஊசி வழியா ஏத்தலாம்.

குழந்தை. தாராளமா பெத்துக்கலாம். நோய் அடங்கியிருக்கும்போது கர்ப்பமாகுதது முக்கியம், குறைஞ்சது மூணு மாசம், முடிஞ்சா ஆறு மாசம் ஸ்டீராய்டு இல்லாம அமைதியா இருந்த பிறகுன்னு டாக்டருங்க சொல்லுவாங்க. கர்ப்பத்துலயும் மெசலமின் தொடரலாம், நிறுத்துனாத்தான் நோய் கெளம்பி கொறமாசம், எடை கம்மின்னு வரலாம். எதிர்ப்புசக்திய அடக்குத மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மருந்து உண்டு, அது மட்டும் கூடவே கூடாது, அத சாப்பிடுதவங்க முன்னாடியே நிறுத்தணும். ஃபோலிக் ஆசிட் இப்பவே ஆரம்பி. அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்கள விடக் கூடுதல்தான், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வர்றதில்ல. பிரசவம் பாக்குத டாக்டரும் குடல் டாக்டரும் ஒருத்தர் சீட்ட ஒருத்தர் பாக்கணும், பிரசவம் தென்காசியிலயும் குடல் வைத்தியம் கேரளத்துலயும்னா அந்த வேலைய நீதான் செய்யணும். பயாப்சி ரிப்போர்ட், கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், மருந்துச்சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து உன் போன்லயும் உன் வீட்டுக்காரர் போன்லயும் வை. வீட்டுக்காரர்ட்ட எல்லாத்தையும் சொல்லு, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்க, ரத்தம் வந்தா எப்படி இருக்கும், பின்பக்க மருந்து வைக்கது உள்பட. மறைச்சு மறைச்சு தனியாத் தாங்குதவங்கதான் மருந்தயும் மறைவா விடுதாங்க.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது மலத்துல கால்புரோடெக்டின் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளு, உள்ள புண்ணு ஆறிடுச்சான்னு கேமரா விடாமலே ஓரளவு தெரியும். கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும், மெசலமின் அபூர்வமா கிட்னியத் தொடும். தொந்தரவு ஆரம்பிச்சு 8 வருஷம் ஆனதும் புத்துநோய் இருக்கான்னு பாக்க கொலனோஸ்கோப்பி வரிசையா பண்ண ஆரம்பிக்கணும், அந்த வருஷத்த டைரில இப்பவே குறிச்சு வை. ஒரு நாளைக்கு 6 தடவையோ அதுக்கு மேலயோ ரத்தத்தோட போகுது, கூடவே காய்ச்சல் இருக்கு, அல்லது நாடி 90க்கு மேல அடிக்குது, அல்லது வயிறு உப்பி கல்லு மாதிரி ஆகுதுன்னா விடியட்டும்னு காத்திருக்காத, வயித்துப்போக்க நிறுத்துத மாத்திரையும் போடாத, 108க்குப் போன் பண்ணி குடல் டாக்டர் இருக்க பெரிய ஆஸ்பத்திரியாப் போ, அட்மிட் பண்ணி ஊசில ஸ்டீராய்டு போட்டு மூணாம் நாள் பாத்துத்தான் அடுத்து என்னன்னு முடிவு பண்ணுவாங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் சொல்லு, நோய் கெளம்பியிருக்க நேரம் ரத்தம் கட்டிக்கிற ஆபத்து இருக்கு. கொஞ்சமா ரத்தம் எட்டிப்பாத்தா அது வேற, அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு பின்பக்க மருந்த திரும்ப ஆரம்பிச்சா பல நேரம் அங்கயே நின்னுரும், ரெண்டு வாரம் பாப்போம்னு விட்டாத்தான் ஸ்டீராய்டு வரைக்கும் போகுது.